பின்னிருக்கையில் அமர்ந்தவர்கள்: டைகர் மாத் பயிற்சி விமானமும் மலாயாவின் வான்பயிற்சி வரலாறும்

ஒரு நாட்டின் வான்படை வரலாறு பெரும்பாலும் போர் விமானங்களின் பெயர்களைக் கொண்டே எழுதப்படுகிறது. எந்தப் போரில் எந்த விமானம் எத்தனை எதிரி விமானங்களை வீழ்த்தியது என்ற கணக்கே முன்னிற்பதால், அந்தப் போர் விமானத்தில் ஏறுவதற்கு முன் ஒவ்வொரு விமானியும் பல மாதங்கள் செலவிட்ட பயிற்சி விமானம் அடிக்குறிப்பாகச் சுருங்கிவிடுகிறது. ஆனால் ஒரு சமூகம் வானத்தில் இடம் பெற்றதா இல்லையா என்பதை அறிய விரும்பும் ஆய்வாளருக்குப் போர் விமானத்தைவிடப் பயிற்சி விமானமே கூடுதலாகச் சொல்லும். ஏனெனில் யாருக்குப் பறக்கக் கற்றுக்கொடுக்கப்பட்டது, யாருக்கு மறுக்கப்பட்டது என்ற முடிவு அங்கேதான் எடுக்கப்பட்டது. பிரிட்டிஷ் ஆட்சிக்குட்பட்ட மலாயா, இந்தியா, இலங்கை ஆகிய மூன்று நாடுகளையும் இணைக்கும் அத்தகைய விமானம் டி ஹாவிலண்ட் நிறுவனத்தின் 'டைகர் மாத்' ஆகும். இரண்டு இருக்கைகளும் இரட்டை இறக்கைகளும் கொண்ட இவ்விமானத்தின் அமைப்பையும், அதிலிருந்து கிளைத்த வகைகளையும், அது இவ்வட்டாரத்தில் ஆற்றிய பணியையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

பயிற்சி விமானம் என்னும் தனி இனம்

தொடக்கக் கால விமானங்களில் பயிற்சிக்கென்று தனி வகை இருந்ததில்லை. சிங்கப்பூரில் 1911 மார்ச் 16 அன்று ஃபேரர் பார்க் திடலிலிருந்து பெல்ஜிய விமானி ஜோசப் கிறிஸ்டியான்ஸ் ஓட்டிப் பறந்த 'பிரிஸ்டல் பாக்ஸ்கைட்' இரட்டை இறக்கை விமானம் இதற்கு நல்ல சான்று: ஊர் மக்களுக்குக் காட்சிப் பொருளாக வந்த அதே வகை விமானத்தில்தான் அக்காலத்தில் பிரிட்டிஷ் இராணுவ அதிகாரிகள் பறக்கக் கற்றுக்கொண்டனர். இரட்டை இறக்கை என்பது ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு இறக்கைத் தளங்களை அமைத்து, அவற்றை மரத் தாங்கிகளாலும் குறுக்குக் கம்பிகளாலும் பிணைக்கும் முறையாகும். இயந்திரத்தின் ஆற்றல் குறைவாகவும், இறக்கைக்குப் பயன்படும் பொருள் மரமும் துணியுமாகவும் இருந்த காலத்தில், எடை கூடாமல் உறுதியும் தூக்குவிசையும் பெறுவதற்கு அம்முறையே எளிய வழியாக இருந்தது.

1913இல் முதன்முதலாகப் பறந்த 'ஆவ்ரோ 504' விமானம் முதல் உலகப் போரின் தொடக்கத்தில் குண்டுவீச்சுக்கே அனுப்பப்பட்டது. 1914 நவம்பரில் ஜெர்மனியின் ஃபிரீடரிக்ஸ்ஹாஃபென் நகரிலிருந்த வான்கப்பல் கொட்டகைகளைத் தாக்கியவை அவ்வகை விமானங்களே. சண்டைக்கு அது விரைவிலேயே பழையதாகிவிட்டாலும், கட்டுப்பாட்டுக்கு உடனே இணங்கும் அதன் இயல்பு பயிற்சிக்கு மிகவும் ஏற்றது என்பது தெரியவந்தது. 1917இல் இங்கிலாந்தின் காஸ்போர்ட் தளத்தில் ராபர்ட் ஸ்மித்-பாரி என்ற அதிகாரி இவ்விமானத்தைக் கொண்டு புதிய பயிற்சி முறை ஒன்றை வகுத்தார். ஆபத்தான நிலைகளை மாணவர் தவிர்க்கும்படி எச்சரிப்பதே அதுவரை இருந்த வழக்கம். அவரோ, மாணவரை ஆசிரியரின் துணையோடு அந்நிலைகளுக்குள் வேண்டுமென்றே கொண்டுசென்று, அவற்றிலிருந்து மீளும் வழியைக் கற்பிக்க வேண்டும் என்றார். பறக்கும்போது ஆசிரியர் பேசுவது மாணவரின் காதில் விழுவதற்காக வாய்க்குழலையும் தலைக்கவசத்தின் காதுப்பகுதியையும் இணைக்கும் ரப்பர்க் குழாய் ஒன்றும் பயன்பாட்டுக்கு வந்தது. மின்சாரம் எதுவும் தேவைப்படாத அந்த 'காஸ்போர்ட் குழாய்' பின்னர் டைகர் மாத் விமானத்திலும் இடம்பெற்றது.

மாத் குடும்பமும் டைகர் மாத்தின் பிறப்பும்

ஜெஃப்ரி டி ஹாவிலண்ட் 1925 பிப்ரவரியில் முதன்முதலாகப் பறக்கவிட்ட 'டிஎச்.60 மாத்' இராணுவத்துக்காக உருவானதன்று. நடுத்தர வசதியுள்ள ஒருவர் வாங்கிப் பராமரிக்கத்தக்க, கொட்டகையில் நிறுத்துவதற்கு இறக்கைகளைப் பின்புறமாக மடக்கிக்கொள்ளத்தக்க சிறு விமானமாகவே அது திட்டமிடப்பட்டது. பிரிட்டிஷ் பேரரசெங்கும் 1920களின் பிற்பகுதியில் தோன்றிய பறப்புக் கழகங்கள் இந்த மாத் விமானங்களை நம்பியே இயங்கின. கழகங்களில் அது பெற்ற நற்பெயரைக் கண்ட பிரிட்டிஷ் வான்படை, இராணுவப் பயிற்சிக்கும் அதைப் பயன்படுத்த விரும்பியபோது ஒரு சிக்கல் எழுந்தது. மாத் விமானத்தில் எரிபொருள் தொட்டியும் மேல் இறக்கையைத் தாங்கும் கால்களும் முன்னிருக்கையைச் சூழ்ந்திருந்தன; பாராசூட் கட்டிய ஆசிரியர் ஆபத்து நேரத்தில் அங்கிருந்து எழுந்து குதிப்பது கடினம்.

இதற்குக் கண்ட தீர்வே டைகர் மாத்தின் தோற்றத்தை நிர்ணயித்தது. மேல் இறக்கையின் நடுப்பகுதியை முன்னிருக்கைக்கு முன்பாக நகர்த்தினர். அவ்வாறு நகர்த்தியதால் தூக்குவிசையின் மையமும் முன்னே சென்று விமானத்தின் சமநிலை குலையும் என்பதால், இறக்கைகளின் வெளிப்பகுதிகளைப் பின்னோக்கிச் சாய்த்து அதை ஈடுகட்டினர். விமானத்தைப் பக்கவாட்டில் பார்க்கும்போது தெரியும் பின்சாய்ந்த இறக்கைகள் வேகத்துக்காகவோ அழகுக்காகவோ அமைந்தவை அல்ல. ஆசிரியர் உயிர் தப்புவதற்கு வழிவிட்டதன் விளைவாக அமைந்தவை. 1931 அக்டோபர் 26 அன்று ஹியூபர்ட் பிராட் என்ற சோதனை விமானி லண்டனுக்கு அருகிலுள்ள ஸ்டாக் லேன் தளத்திலிருந்து இதை முதன்முறையாக ஓட்டினார். முதலில் 35 விமானங்களுக்கு ஆணை பிறப்பித்த பிரிட்டிஷ் வான்படை, 1932இல் அவற்றைப் பயிற்சிப் பள்ளிகளில் சேர்த்தது. உற்பத்தி நின்றபோது பல நாடுகளிலும் சேர்த்து 8,700க்கும் மேற்பட்ட டைகர் மாத் விமானங்கள் கட்டப்பட்டிருந்தன.

பிழையை மறைக்காத பொறி

டைகர் மாத்தின் உடற்பகுதி எஃகுக் குழாய்களை இணைத்துக் கட்டிய சட்டமாகும். இறக்கைகள் இலேசான ஊசியிலை மரத்தால் ஆனவை. இரண்டின் மீதும் துணி போர்த்தி, அத்துணியை இறுக்கி நீர்புகாமல் காக்கும் 'டோப்' என்னும் பூச்சு பூசப்பட்டது. இறக்கையின் முழு விரிவு ஏறத்தாழ 8.9 மீட்டர், வெற்றெடை 500 கிலோகிராமுக்குச் சற்று அதிகம், உச்ச வேகம் மணிக்கு 175 கிலோமீட்டர் அளவு. மேல் இறக்கையின் நடுவில் வைக்கப்பட்ட, 86 லிட்டர் கொள்ளும் எரிபொருள் தொட்டியிலிருந்து பெட்ரோல் தன் எடையாலேயே இயந்திரத்துக்கு இறங்கிவரும். தொட்டிக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் மிதவைக் கம்பியின் உயரத்தைப் பார்த்தே மீதமுள்ள எரிபொருளின் அளவை விமானி தெரிந்துகொள்வார்.

இயந்திரத்தை இயக்குவதே ஒரு முறைப்படியான சடங்காக இருந்தது. மின்கலமோ தொடக்கி மோட்டாரோ இல்லாததால், தரையில் நிற்கும் பணியாளர் முதலில் கார்புரேட்டரின் சிறு ஊசியை அழுத்திப் பெட்ரோல் சொட்டும்வரை காத்திருப்பார். பின்னர், சுவிட்சுகள் அணைந்திருப்பதை விமானியிடம் குரல் கொடுத்து உறுதிசெய்துகொண்டு, மூக்கிலுள்ள மரச் சுழலியைக் கையால் சில முறை சுற்றி உருளைகளுக்குள் எரிவாயுக் கலவையை இழுப்பார். இறுதியாக 'காண்டாக்ட்' என்று இருவரும் சொல்லி முடித்தபின், சுவிட்சு போடப்பட்ட நிலையில் சுழலியை வேகமாக இழுத்துவிட்டு உடனே பின்வாங்குவார். பேச்சு ஒழுங்கில் ஒரு சொல் தவறினாலும் கையோ உயிரோ போகக்கூடிய இவ்வேலை, விமானி தனி மனிதரல்லர், தரைப்பணியாளரோடு சேர்ந்தே பறக்கிறார் என்பதை முதல் நாளிலேயே மாணவருக்கு உணர்த்தியது.

பறக்கும்போதும் அவ்விமானம் மாணவருக்குச் சலுகை காட்டவில்லை. விமானத்தைப் பக்கவாட்டில் சாய்ப்பதற்காக இறக்கையின் பின்விளிம்பில் அமையும் அசையும் தட்டுகளுக்கு 'எய்லரான்' என்று பெயர். டைகர் மாத்தில் இவை கீழ் இறக்கைகளில் மட்டுமே இருந்ததால், அது சோம்பலாகவே சாய்ந்தது. சாயும்போது மூக்கு எதிர்ப்பக்கம் விலகும் போக்கைக் காலால் இயக்கும் சுக்கானைக் கொண்டு மாணவரே திருத்த வேண்டும். கையும் காலும் ஒத்துழைக்கவில்லை என்றால் விமானம் காற்றில் பக்கவாட்டில் வழுக்கும். திறந்த இருக்கையில் அமர்ந்திருப்பவருக்கு ஒரு கன்னத்தில் மட்டும் காற்று அறையும்போது, கருவியைப் பாராமலே தம் பிழை தெரிந்துவிடும். வேகம் மணிக்கு ஏறத்தாழ 65 கிலோமீட்டருக்குக் கீழே இறங்கினால் இறக்கைகள் தூக்குவிசையை இழக்கும் நிலையை 'ஸ்டால்' என்பர். அந்நிலையில் சுக்கான் தவறாக மிதிக்கப்பட்டால் விமானம் தன்னைத்தானே சுற்றிக்கொண்டு கீழே விழும் 'ஸ்பின்' நிலைக்குச் செல்லும். மேல் இறக்கையின் முன்விளிம்பில் பொருத்தப்பட்ட, வேகம் குறையும்போது தானாகத் திறந்துகொள்ளும் தட்டிகள் இந்நிலையைத் தள்ளிப்போட்டனவே தவிரத் தவிர்க்கவில்லை. தரையில் சக்கரத் தடை கிடையாது. வாலில் சக்கரத்துக்குப் பதிலாக உராயும் கட்டை மட்டுமே இருந்தது. மூக்கு உயர்ந்து முன்பார்வையை மறைத்ததால் பாம்புபோல வளைந்து வளைந்தே ஓட வேண்டியிருந்தது.

இருக்கை ஒழுங்கும் குறிப்பிடத்தக்கது. ஆசிரியர் முன்னிருக்கையில் அமர்ந்தார். மாணவர் பின்னிருக்கையில் அமர்ந்தார். ஆசிரியர் இறங்கிக்கொண்டு மாணவர் தனியே பறக்கும் நாளிலும் எடைச் சமநிலைக்காக அவர் பின்னிருக்கையிலேயே இருப்பார். வெறுமையான முன்னிருக்கையைத் தாண்டியே வானத்தைப் பார்ப்பார். எளிதாக ஓட்டக்கூடிய, ஆனால் நன்றாக ஓட்டுவது கடினமான விமானம் என்று பயிற்சியாளர்களிடையே அது பெற்ற பெயரே அதன் பயிற்சி மதிப்பின் சாரமாகும்: மாணவரின் பிழையை அது தானே திருத்தி மறைக்கவில்லை, அதே வேளையில், பெரும்பாலான பிழைகளை உயிர்ச்சேதமின்றி மன்னிக்கும் அளவுக்கு மெதுவாகவும் பறந்தது.

வகைகளும் அவை தோன்றிய காரணங்களும்

முதல் வகையில் 120 குதிரைத்திறன் கொண்ட 'ஜிப்சி 3' இயந்திரம் இருந்தது. அடுத்து வந்த டிஎச்.82ஏ, வான்படை வழக்கில் 'டைகர் மாத் 2', 130 குதிரைத்திறன் கொண்ட 'ஜிப்சி மேஜர்' இயந்திரத்தைப் பெற்றது. நான்கு உருளைகளும் தலைகீழாகத் தொங்கும்படி அமைந்து காற்றாலேயே குளிரும் இவ்வியந்திரம் பராமரிக்க எளிதானது. பின்முதுகில் துணிக்குப் பதில் ஒட்டுப்பலகை வந்தது. வெளியே எதையும் பாராமல் கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கப் பழக்குவதற்காக மாணவரின் இருக்கையை மூடும் துணிக்கூண்டும் சேர்க்கப்பட்டது. போர்க்காலத்தில் பெருமளவில் கட்டப்பட்டது இவ்வகையே. கார் உற்பத்திக்குப் பெயர்பெற்ற மோரிஸ் நிறுவனத்தின் கவுலி தொழிற்சாலையிலும் அது தயாரிக்கப்பட்டது.

இரண்டாவது கிளை முற்றிலும் வேறு நோக்கம் கொண்டது. விமான எதிர்ப்புப் பீரங்கிப் படையினர் உண்மையான இலக்கைச் சுட்டுப் பழகுவதற்காக 1935இல் அறிமுகமான 'குயீன் பீ' என்ற வகை, விமானி இல்லாமல் வானொலிக் கட்டளையால் பறந்தது. எஃகுச் சட்டத்துக்குப் பதிலாக மலிவான மர உடலும், கடல்மேல் இறங்குவதற்கு மிதவைகளும் அதற்கு உண்டு. தரையிலிருந்து இயக்குபவர் பழைய தொலைபேசியில் இருந்ததைப் போன்ற எண் வட்டைச் சுழற்றியே இடம், வலம், ஏற்றம், இறக்கம் ஆகிய கட்டளைகளை அனுப்பினார். இன்றைய ஆளில்லா விமானங்களின் முன்னோடிகளுள் ஒன்றாக இது எண்ணப்படுகிறது.

மூன்றாவது கிளை தட்பவெப்பத்தின் விளைவு. 1939 டிசம்பர் 17 அன்று கையெழுத்தான பொதுநலவாய வான்பயிற்சித் திட்டத்தின்கீழ் கனடா பல்லாயிரம் விமானிகளைப் பயிற்றுவிக்க வேண்டியிருந்தது. பனி உறையும் அந்நாட்டில் திறந்த இருக்கை பயன்படாது என்பதால், டிஎச்.82சி வகைக்கு நகரும் கண்ணாடி மூடியும் வெப்பமூட்டும் அமைப்பும் சக்கரத் தடையும் வால் சக்கரமும் கொடுக்கப்பட்டன. தடையை அழுத்தும்போது விமானம் மூக்கு குப்புறக் கவிழாமலிருக்கச் சக்கரக் கால்கள் முன்னோக்கிச் சாய்க்கப்பட்டன. தேவைப்பட்டால் பனிச்சறுக்குக் கட்டைகளும் பொருத்தலாம். இங்கிலாந்திலிருந்து இயந்திரம் வருவது தடைபடுமோ என்ற அச்சத்தால் ஒரு பகுதிக்கு அமெரிக்க 'மெனாஸ்கோ' இயந்திரம் பொருத்தப்பட்டது. ஆற்றல் குறைந்த அவ்விமானங்கள் பெரும்பாலும் வானொலிப் பயிற்சிக்கு ஒதுக்கப்பட்டன. ஆஸ்திரேலியாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட டைகர் மாத்கள் கட்டப்பட்டன. நியூசிலாந்திலும் உற்பத்தி நடந்தது.

இதற்கு நேர்மாறான சூழலை வெப்பமண்டலம் முன்வைத்தது. இங்கே குளிர் ஒரு பொருட்டன்று. ஈரமும் வெயிலும் பூஞ்சையுமே எதிரிகள். துணியின் மீதுள்ள டோப் பூச்சு வெயிலில் விரைவில் நலிந்தது. மரப்பகுதிகளை ஒட்டிய, பாலிலிருந்து எடுக்கப்படும் கேசீன் பசை தொடர் ஈரத்தைத் தாங்கவில்லை. இச்சிக்கல் எவ்வளவு கடுமையானது என்பதை 1944இன் இறுதியில் இந்தியாவில் மரத்தாலான 'மஸ்கீட்டோ' போர் விமானங்களின் இறக்கைகள் குலைந்த நிகழ்வுகள் காட்டின. ஆகவே கிள்ளான் பள்ளத்தாக்கு போன்ற இடங்களில் இத்தகைய விமானத்தின் ஆயுள், விமானியின் திறமையைவிட, கொட்டகையின் கூரையையும் துணியைத் தட்டிப் பார்த்து ஒட்டுப்போடும் தரைப்பணியாளரின் விழிப்பையுமே சார்ந்திருந்தது.

போர் நெருக்கடி வேறு சில மாற்றங்களையும் கொண்டுவந்தது. 1940இல் ஜெர்மானியர் இங்கிலாந்தில் இறங்கக்கூடும் என்ற நிலையில், இறக்கையின் கீழ் சிறு குண்டுகளைத் தொங்கவிடும் சட்டங்கள் பொருத்தப்பட்டன. பாராசூட்டில் இறங்கும் வீரர்களை வெட்டுவதற்கு அரிவாள் போன்ற அலகு ஒன்றைக்கூடச் சோதித்தனர், பயன்படுத்தவில்லை. இவ்வாறு சேர்ந்த கூடுதல் எடைகளுக்குப் பிறகு சில விமானங்கள் ஸ்பின் நிலையிலிருந்து மீள மறுப்பது கண்டறியப்பட்டதால், எய்லரான்களின் எதிரெடைகள் நீக்கப்பட்டு, வாலின் முன்புறம் இருபக்கமும் சிறு பட்டைத் தட்டுகள் சேர்க்கப்பட்டன. பர்மா போர்முனையில் இதே விமானம் மருத்துவ ஊர்தியாகவும் மாறியது: பின்முதுகின் மேற்பலகைக்குக் கீல் வைத்துத் திறந்து, காயமடைந்த ஒருவரைப் படுக்க வைத்து, மூடிவிட்டுக் காட்டுக்குள் வெட்டிய குறுகிய ஓடுதளத்திலிருந்து பறந்தனர். போருக்குப் பின் உடற்பகுதியை அகலப்படுத்தி நான்கு பேர் அமரும் மூடிய அறையாக்கிய 'ஜாக்கரூ' என்ற வகையும் வந்தது. நியூசிலாந்தில் மேய்ச்சல் நிலங்களுக்கு உரம் தூவவும் டைகர் மாத் பயன்பட்டது.

மலாயா: கழகத்திலிருந்து போர்முனைக்கு

மலாயாவில் பறப்புப் பயிற்சி அரசின் பள்ளிகளில் தொடங்கவில்லை. சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் பிற நகரங்களிலும் இயங்கிய பறப்புக் கழகங்களில் தொடங்கியது. அவற்றின் உறுப்பினர்கள் பெரும்பாலும் தோட்ட நிர்வாகிகள், ஈயச் சுரங்கப் பொறியாளர்கள், வணிக நிறுவன அதிகாரிகள் ஆகிய ஐரோப்பியர்களே. விமானத் தளங்கள் உள்ளிட்ட கட்டுமானங்களை மேற்கொண்ட பொதுப்பணித் துறையின் உழைப்பாளிகளில் தமிழர் பெரும் பங்கினராக இருந்தனர். ஆனால் அவர்கள் சமன்செய்த மண்ணிலிருந்து மேலெழும் விமானத்தின் பின்னிருக்கை அவர்களின் பிள்ளைகளுக்குத் திறந்திருக்கவில்லை. கழகக் கட்டணமும் சமூக வழக்கமும் சேர்ந்து கட்டிய இத்தடை எழுதப்பட்ட சட்டத்தைவிட உறுதியாக இருந்தது.

1936இல் நீரிணைக் குடியேற்றங்களின் தொண்டர் வான்படை அமைக்கப்பட்டது; 1940இல் அது மலாயா தொண்டர் வான்படையாக விரிவடைந்தபோது கழகங்களின் டைகர் மாத்களும் பிற சிறு விமானங்களும் அவற்றின் விமானிகளோடு சேர்த்து அதில் இணைக்கப்பட்டன. 1941 டிசம்பரில் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கி, வட மலாயாவின் தளங்களிலிருந்த பிரிட்டிஷ் விமானங்கள் சில நாட்களிலேயே பேரளவில் அழிந்தபின், ஆயுதம் ஏதுமற்ற இச்சிறு விமானங்கள் வேவு பார்க்கவும், தூது கொண்டுசெல்லவும், அதிகாரிகளை ஏற்றிச்செல்லவும் பயன்பட்டன. மணிக்கு 500 கிலோமீட்டர் அளவுக்குப் பறக்கும் ஜப்பானியப் போர் விமானங்களுக்கு எதிரே அவற்றுக்கிருந்த ஒரே பாதுகாப்பு மர உச்சிகளை ஒட்டித் தாழப் பறப்பதுதான். 1942 ஜனவரி 11இல் கோலாலம்பூரும் பிப்ரவரி 15இல் சிங்கப்பூரும் வீழ்ந்தன. தப்பியவை சுமத்ராவுக்கும் ஜாவாவுக்கும் பின்வாங்கின.

ஜப்பானிய ஆட்சிக்காலம் இவ்வரலாற்றில் எதிர்பாராத ஒரு கிளையைச் சேர்த்தது. சுபாஷ் சந்திர போஸின் இந்தியத் தேசிய இராணுவம் 1944இல் தென்கிழக்காசிய இந்திய இளைஞர்கள் ஏறத்தாழ 45 பேரை ஜப்பானிய இராணுவக் கல்விக்கூடங்களுக்கு அனுப்பியது. அவர்களுள் ஒரு பிரிவினர் வான்படைப் பயிற்சிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். ஜப்பானிலும் தொடக்கப் பயிற்சி இரட்டை இறக்கை விமானங்களிலேயே நடந்தது. செம்மஞ்சள் வண்ணம் பூசப்பட்ட அவற்றை அந்நாட்டு மக்கள் 'செந்தும்பி' என்று அழைத்தனர். 1945 ஆகஸ்டில் போர் முடிந்ததால் அம்முயற்சி முழுமையடையவில்லை. ஆயினும், பர்மாவிலிருந்து சென்ற ரமேஷ் பெனகல் பின்னாளில் இந்திய வான்படையில் சேர்ந்து, 1971 போரில் மகாவீர் சக்ரா விருது பெற்றார். பிரிட்டிஷ் கழகங்கள் எளிதில் தராத இருக்கையை அவ்விளைஞர்களுக்கு முதலில் தர முன்வந்தது அப்பேரரசின் எதிரி நாடு என்பது வரலாற்றின் முரண்.

போருக்குப் பின், கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை ஒடுக்க மலாயாவில் அறிவிக்கப்பட்ட அவசரகாலச் சூழலில், 1950இல் பினாங்கு, கோலாலம்பூர், சிங்கப்பூர் ஆகிய மூன்று அணிகளைக் கொண்ட மலாயா துணை வான்படை தொடங்கப்பட்டது. வேறு தொழில்களில் இருந்துகொண்டே ஓய்வு நேரங்களில் பயிற்சி பெறும் தன்னார்வலர்களுக்கான இவ்வமைப்பிலும் முதற்பாடம் டைகர் மாத்திலேயே நடந்தது. அடுத்த கட்டம் உலோகத்தாலான 'ஹார்வர்ட்' ஒற்றை இறக்கை விமானம். கோலாலம்பூரின் வானூர்தி வாழ்க்கை அப்போது சுங்கை பெசி தளத்தை மையமாகக் கொண்டிருந்தது. 1965 ஆகஸ்ட் 30இல் சுபாங் விமான நிலையம் திறக்கப்படும்வரை தலைநகரின் வாயில் அதுவே.

மூன்று நாடுகள், மூன்று விளைவுகள்

பயிற்சி வாய்ப்பின் ஏற்றத்தாழ்வு எதிர்காலத்தை எவ்வாறு வடிவமைத்தது என்பது மலாயாவை இந்தியாவோடும் இலங்கையோடும் ஒப்பிடும்போது தெளிவாகிறது. இந்தியாவில் 1928 தொடங்கி அரசின் உதவியோடு பறப்புக் கழகங்கள் நிறுவப்பட்டன. அடுத்துச் சென்னையிலும் ஒரு கழகம் தோன்றியது. இவற்றிலும் ஐரோப்பியர் ஆதிக்கம் இருந்தது என்றாலும் இந்தியருக்குக் கதவு முற்றிலும் அடைக்கப்படவில்லை: ஜே. ஆர். டி. டாடா 1929இல் உரிமம் பெற்றார். சர்லா தக்ரால் 1936இல் 'ஜிப்சி மாத்' விமானத்தைத் தனியே ஓட்டினார். 1940இல் இங்கிலாந்துக்கு உதவியாக அனுப்பப்பட்ட 24 இந்திய விமானிகளும், அவர்களுள் ஒருவரான மகிந்தர் சிங் புஜ்ஜியைப் போலவே, குடிமக்கள் கழகங்களில் பறக்கக் கற்றவர்கள். போர்க்காலத்தில் ஐதராபாத் பேகம்பேட்டையிலும் ஜோத்பூரிலும் இயங்கிய தொடக்கப் பயிற்சிப் பள்ளிகள் டைகர் மாத்களைக் கொண்டு இந்திய விமானிகளை நூற்றுக்கணக்கில் உருவாக்கின. இதன் பயனாக விடுதலைக்குப் பின் ஏழாண்டுகளில், 1954இல், சுப்ரதோ முகர்ஜி இந்திய வான்படையின் முதல் இந்தியத் தலைமைத் தளபதியானார்.

இலங்கைக்கும் சென்னைக்கும் இடையிலான தொடர்பு வானிலும் இருந்தது. 1935 நவம்பர் 27 அன்று இரத்மலானைத் தளத்தில் முதன்முதலாக இறங்கிய விமானத்தை ஓட்டிவந்தவர் சென்னைப் பறப்புக் கழகத்தின் தலைமைப் பயிற்றுநர் டின்டேல் பிஸ்கோ. 1951இல் நிறுவப்பட்ட இலங்கை வான்படை, பிரிட்டிஷ் அதிகாரிகளின் தலைமையில் தொடங்கி, 1962இல் ரோகன் அமரசேகர என்ற முதல் இலங்கைத் தளபதியைப் பெற்றது. ஐரோப்பியப் பிறப்பு இல்லாதோர் பிரிட்டிஷ் வான்படையில் அதிகாரிகளாவதைத் தடுத்த விதி 1939 அக்டோபரில் போர்க்காலத்துக்கெனத் தளர்த்தப்பட்டபின் அப்படையில் சேர்ந்து அனுபவம் பெற்றவர் அவர்.

மலாயாவில் கூட்டரசின் வான்படை 1958 ஜூனில் உருவானது. 'ட்வின் பயனியர்' போக்குவரத்து விமானத்தோடு தொடங்கிய அதற்கு முதலில் தலைமை தாங்கியவர்கள் பிரிட்டிஷ் அதிகாரிகளே. முதல் மலேசியத் தளபதியாகச் சுலைமான் சுஜாக் 1967இல்தான் பொறுப்பேற்றார். இக்கால இடைவெளிக்கு மக்கள்தொகை, அரசியல், பாதுகாப்பு உடன்படிக்கை எனப் பல காரணங்கள் உண்டு; எனினும் போருக்கு முந்தைய பதினைந்து ஆண்டுகளில் உள்நாட்டவருக்குப் பயிற்சி இருக்கை போதிய அளவில் தரப்படவில்லை என்பதும் அவற்றுள் ஒன்றாகக் கொள்ளத்தக்கது. விமானத்தைப் பணம் கொடுத்து ஓராண்டில் வாங்கிவிடலாம். மூத்த விமானியை உருவாக்க இருபது ஆண்டுகள் தேவை.

வாரிசுகளும் ஆவணங்களும்

டைகர் மாத்தை இடம்பெயர்த்த விமானங்களும் அதன் உறவினர்களே. டி ஹாவிலண்டின் கனடாக் கிளை வடிவமைத்து 1946 மே மாதத்தில் பறக்கவிட்ட 'சிப்மங்க்' ஒற்றை இறக்கை விமானம் அதே ஜிப்சி மேஜர் இயந்திரத்தின் மேம்பட்ட வடிவத்தைக் கொண்டிருந்தது. மலாயாவும் இலங்கையும் அதை ஏற்றன. இந்தியா தனக்கென ஒன்றை உருவாக்கியது: பெங்களூர் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையில் வி. எம். காட்கேயின் குழு வடிவமைத்த 'எச்டி-2' என்ற உலோக விமானம் 1951 ஆகஸ்டில் பறந்து, வான்படைப் பள்ளிகளில் டைகர் மாத்தின் இடத்தைப் பிடித்ததோடு, பின்னர் கானா நாட்டுக்கும் சென்றது. மலேசியாவில் சிப்மங்கைத் தொடர்ந்து 'புரோவோஸ்ட்', 'புல்டாக்', 'பிசி-7' எனப் பயிற்சி விமானங்கள் மாறின. பயிற்சிப் பள்ளியும் கெடாவின் அலோர் ஸ்டாருக்குச் சென்றது. விமானங்கள் மாறினாலும், கட்டுப்பாட்டை இழக்கும் நிலையைத் தெரிந்தே வரவழைத்து அதிலிருந்து மீளக் கற்பிக்கும் காஸ்போர்ட் முறையின் அடிப்படை இன்றும் மாறவில்லை.

சுங்கை பெசி தளம் 2018இல் மூடப்பட்டு, அதன் வான்படைப் பணிகள் நெகிரி செம்பிலானின் செண்டாயானுக்கும் பிற தளங்களுக்கும் மாற்றப்பட்டுவிட்டன. மேருவிலும் கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில், தளங்களை அமைத்தவர்கள், கொட்டகைகளில் துணி தைத்தவர்கள், இயந்திரம் பழுதுபார்த்தவர்கள், பின்னாளில் வான்படையில் பணியாற்றியவர்கள் ஆகியோரின் வழித்தோன்றல்கள் இருக்கக்கூடும். விமானிகளின் பெயர்கள் படைப் பதிவேடுகளில் நிலைத்துவிட்டன. தரையில் உழைத்தவர்களின் பெயர்கள் பணிச் சான்றிதழ்களிலும் பழைய நிழற்படங்களிலும் மட்டுமே எஞ்சியிருக்கும். அத்தகைய ஆவணங்களை வைத்திருப்போர் அவற்றின் படிகளையேனும் தேசிய ஆவணக் காப்பகத்திலோ பல்கலைக்கழக நூலகத்திலோ ஒப்படைக்க வேண்டும். தமிழாய்வுத் துறைகளும் தோட்டப்புற வரலாற்றுக்குத் தந்த கவனத்தில் ஒரு பகுதியையாவது தொழில்நுட்பப் பணியாளர் வரலாற்றுக்குத் திருப்ப வேண்டும். அதைச் செய்யாதவரை மலாயாவின் வான்பயிற்சி வரலாறு முன்னிருக்கையில் அமர்ந்தவர்களின் வரலாறாக மட்டுமே எழுதப்பட்டுவரும்.